திறமை யாருடைய சொத்து? ஒரு கார்ட்டூன் ஊறுகாயும் நான்கு பெண் எழுத்தாளர்களும்

2017 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்காவின் அடல்ட் ஸ்விம் தொலைக்காட்சியில் 'ரிக் அண்ட் மார்ட்டி' தொடரின் மூன்றாம் சீசனில் மூன்றாவது எபிசோட் ஒளிபரப்பானது. அதன் பெயர் 'பிக்கிள் ரிக்'. எழுதியவர் ஜெசிகா காவ், சீன வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கப் பெண். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இதே எபிசோடுதான் சிறந்த அனிமேஷன் நிகழ்ச்சிக்கான எம்மி விருதை அந்தத் தொடருக்கு முதன்முதலாக வாங்கித் தந்தது. ஆனால் அந்த விருதுக்கு முன்பே, தொடரின் தீவிர ரசிகர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட ஒரு கூட்டம் காவையும், அவரோடு வேலை செய்த மற்ற மூன்று பெண் எழுத்தாளர்களையும் துரத்தித் துரத்தி வேட்டையாடிவிட்டிருந்தது. அவர்களுடைய தனிப்பட்ட விவரங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன, மிரட்டல்களும் ஆபாச வசவுகளும் குவிந்தன.

ஒரு அமெரிக்க கார்ட்டூனைப் பற்றி இங்கே ஏன் பேச வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். அந்தப் பெண்கள்மீது வீசப்பட்ட சொற்களைப் பாருங்கள். "தகுதி இல்லாமல் உள்ளே வந்தவர்கள்." "எண்ணிக்கை காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டவர்கள்." "தரம் கெட்டுவிட்டது." கல்லூரியில், அலுவலகத்தில், நேர்காணல் அறையில் இவற்றை நாம் கேட்காத நாள் உண்டா? மொழியும் நாடும் வேறு. சொல்பவரின் பயம் ஒன்றுதான். அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

கதை என்ன சொல்கிறது?

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ரிக் ஒரு முதிய விஞ்ஞானி. பிரபஞ்சத்திலேயே மிகப் பெரிய அறிவாளி தான்தான் என்ற திமிர் கொண்டவர், குடிகாரர். பேரன் மார்ட்டியை இழுத்துக்கொண்டு கோள்களுக்கும் மாற்று உலகங்களுக்கும் போய்வருவார். டான் ஹார்மனும் ஜஸ்டின் ராய்லாண்டும் உருவாக்கிய இந்தத் தொடர் 2013 டிசம்பரில் தொடங்கியது.

'பிக்கிள் ரிக்' எபிசோடில், மகளின் மணமுறிவுக்குப் பிறகு குடும்பமே மனநல ஆலோசகரிடம் போக வேண்டியிருக்கிறது. அதிலிருந்து தப்பிக்க ரிக் தன்னை ஒரு பிக்கிளாக மாற்றிக்கொள்கிறார். பிக்கிள் என்றால் நம்மூர் மாங்காய் ஊறுகாய் அல்ல, உப்புநீரில் ஊறவைத்த முழு வெள்ளரிக்காய். கை கால் இல்லாத அந்த வெள்ளரிக்காய் சாக்கடைக்குள் விழுகிறது. கரப்பான் பூச்சியின் மூளை நரம்புகளை இயக்கி, எலிகளைக் கொன்று, அவற்றின் உறுப்புகளால் தனக்கு ஒரு உடம்பு செய்துகொள்கிறது. பிறகு ஆயுதம் தாங்கிய காவலாட்களை வரிசையாகக் கொன்று தள்ளுகிறது. பார்ப்பதற்கு அசல் மசாலாப்படம்.

கடைசியில் ரிக் ஆலோசகரின் அறைக்கு வந்தே ஆக வேண்டியிருக்கிறது. டாக்டர் வாங் என்ற அந்தப் பெண் ஆலோசகர் கத்தவும் இல்லை, மிரளவும் இல்லை. நிதானமாக ஒரு விஷயத்தைச் சொல்கிறார். உங்கள் அறிவை உங்கள் நோய்க்கு நியாயம் கற்பிக்கத்தான் பயன்படுத்துகிறீர்கள். உறவுகளைச் சரிசெய்வதும் மனதைப் பராமரிப்பதும் பல் துலக்குவதுபோல அன்றாட வேலை, அதில் சாகசம் கிடையாது. சிலர் அந்த வேலையைச் செய்வார்கள், சிலர் அதைவிடச் சாவது மேல் என்று நினைப்பார்கள். இதுதான் அவருடைய பேச்சின் சாரம். எபிசோடின் உயிர்நாடியும் இதுதான். பெரிய மேதை என்பவன் ஒரு எளிய வேலையைச் செய்யாமலிருக்க எவ்வளவு தூரம் ஓடுவான் என்பதே கதை.

ரசிகர்களில் பெரும்பகுதியினர் எதை எடுத்துக்கொண்டார்கள்? "நான் பிக்கிள் ரிக்!" என்ற கூச்சலை. அது சட்டைகளில் அச்சானது, மீம்களில் ஓடியது. எலிகளைக் கொல்லும் வெள்ளரிக்காய் வீரனானான். அவனைக் கேள்வி கேட்ட பெண்ணின் பேச்சு பலருக்குக் காதில் விழவே இல்லை. இது வெறும் ரசனைக் குறைபாடு என்று நான் நினைக்கவில்லை. மேதையைக் கொண்டாடவே பழக்கப்பட்ட கண்ணுக்கு மேதைமேல் வைக்கப்படும் விமர்சனம் தெரியாது.

மூன்று வாரம், நான்கு பெண்கள்

தாக்குதல் எப்படி நடந்தது என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு சீசன்களில் எழுத்தாளர் அறை ஆண்களின் அறையாகவே இருந்தது. மூன்றாம் சீசனுக்கு ஜெசிகா காவ், ஜேன் பெக்கர், சாரா கார்பீனர், எரிகா ராஸ்பி ஆகிய நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அறையில் ஆண், பெண் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமானது. இது செய்தியாகவும் வந்தது.

2017 ஜூலை 30 அன்று வந்த எபிசோடில் எழுத்து என்ற இடத்தில் ஜேன் பெக்கரின் பெயர். ஆகஸ்ட் 6 அன்று ஜெசிகா காவ். ஆகஸ்ட் 13 அன்று கார்பீனரும் ராஸ்பியும். தொடர்ந்து மூன்று வாரம் திரையில் பெண் பெயர்கள் வந்தன. அவ்வளவுதான். "தொடர் நாசமாகிவிட்டது, காரணம் பெண்கள்" என்ற முடிவுக்கு ஒரு கூட்டம் வந்துவிட்டது.

அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் எழுதப்படும் முறை தெரிந்தால் இந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு அபத்தம் என்று விளங்கும். அங்கே எழுத்தாளர் அறை என்று ஒன்று உண்டு. எல்லா எழுத்தாளர்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையை உடைத்து, சேர்த்து, பலகையில் எழுதி உருவாக்குவார்கள். ஒருவர் முதல் வரைவை எழுதுவார், அவர் பெயர் திரையில் வரும். அந்த வரைவை எல்லோரும் சேர்ந்து மறுபடி மறுபடி திருத்துவார்கள். ஒரு பெண்ணின் பெயர் போட்ட எபிசோடில் ஆண் எழுதிய வசனங்கள் இருக்கும். ஆணின் பெயர் போட்ட எபிசோடில் பெண் எழுதிய நகைச்சுவை இருக்கும். எந்த வரி யாருடையது என்று வெளியிலிருந்து பிரிக்கவே முடியாது. அந்தக் கூட்டமோ பெயரைப் பார்த்து வரியை எடை போட்டது. பெயரைப் பார்த்து மனிதரை எடை போடுவது நமக்குப் புதிதா என்ன? அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் கேட்டு விடைத்தாள் திருத்தும் நாட்டில் இருக்கிறோம்.

செப்டம்பரில் டான் ஹார்மன் ஒரு பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகக் கண்டித்தார். இப்படிப்பட்டவர்கள்மேல் தனக்கு அருவருப்பு என்றார். ஒரு படைப்பைப் பார்ப்பதாலேயே அது தங்கள் உடைமை என்று நினைத்துக்கொண்டு அதைக் காப்பாற்றக் கிளம்புகிறார்கள் என்ற பொருளில் பேசினார். உடைமை என்ற அந்தச் சொல்தான் முக்கியம். பொது அரங்கைத் தன் வீட்டுத் திண்ணை என்று நினைப்பவனுக்குத்தான் புதிதாக உள்ளே வருகிறவர் திருடராகத் தெரிவார்.

அறிவு அளவுகோலின் பழைய கணக்கு

அதே 2017இல் ஒரு கேலி வாசகம் இணையம் முழுக்கச் சுற்றியது. 'ரிக் அண்ட் மார்ட்டி'யைப் புரிந்துகொள்ள மிக உயர்ந்த ஐக்யூ வேண்டும் என்று ஒரு ரசிகர் பெருமையடித்துக்கொள்வதுபோல எழுதப்பட்ட பத்தி அது. தங்களை அறிவாளிகளாகக் காட்டிக்கொண்ட ரசிகர்களைப் பகடி செய்யவே அது பரவியது. ரசிகர்களிலேயே பலர் சேர்ந்து சிரித்தார்கள். எல்லா ரசிகரும் தாக்குதலில் இறங்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பகடிக்குப் பின்னால் இருக்கும் ஐக்யூ என்ற சொல்லின் வரலாறு சிரிப்புக்குரியது அல்ல.

1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். பள்ளியில் எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டறிவதே அதன் நோக்கம். அறிவு என்பது மாறாத, பிறவியிலேயே முடிவான அளவு என்ற எண்ணத்தைப் பினே ஏற்கவில்லை. அந்தச் சோதனை அமெரிக்காவுக்குப் போனதும் தலைகீழானது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1916இல் அதை விரிவாக்கி வெளியிட்டார். அவர் இனமேம்பாட்டுவாதி. உதவி தேவைப்படுபவரைக் கண்டறியும் கருவி, ஒதுக்கப்பட வேண்டியவரை முத்திரை குத்தும் கருவியானது.

1927இல் பக் எதிர் பெல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 'அறிவுக் குறைபாடு உள்ளவர்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதைச் சட்டப்படி செல்லும் என்றது. அந்த வழக்கின் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்கு உண்மையில் அப்படி எந்தக் குறைபாடும் இல்லை என்று பின்னால் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டார்கள். ஏழைகள், கறுப்பினத்தவர், பூர்வகுடிகள், புலம்பெயர்ந்தோர் என விளிம்பில் இருந்தவர்களே அதில் அதிகம் சிக்கினார்கள்.

அண்ணல் அம்பேத்கர் இந்த வாதத்தை அதன் உச்ச காலத்திலேயே எதிர்கொண்டார் என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். 1936இல் அவர் அச்சிட்ட 'சாதியை அழித்தொழித்தல்' உரையில், சாதி என்பது இனத் தூய்மையையும் தரத்தையும் காப்பாற்றும் ஏற்பாடு என்ற இனமேம்பாட்டு வாதத்தை எடுத்து வைத்து, அறிவியலும் அனுபவமும் அதற்கு ஆதாரம் தரவில்லை என்று உடைத்துக் காட்டினார். அந்த உரையை நிகழ்த்த அழைத்த லாகூர் ஜாத்பாத் தோடக் மண்டலே மாநாட்டை ரத்து செய்தது. அவர் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார்.

சாஸுக்கு நடந்த சண்டை

அதே சீசனின் முதல் எபிசோட், 2017 ஏப்ரல் 1 அன்று எதிர்பாராமல் ஒளிபரப்பானது. 1998இல் 'முலான்' திரைப்படத்தை ஒட்டி மெக்டொனால்ட்ஸ் சில காலம் கொடுத்த செஷ்வான் சாஸ்மீது ரிக் வெறிகொண்டு பேசுவார். அது நகைச்சுவை. ரசிகர்கள் அந்தச் சாஸ் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். நிறுவனமும் இலவச விளம்பரத்தை விடவில்லை. 2017 அக்டோபர் 7 அன்று ஒரே ஒரு நாள், சில கிளைகளில் மட்டும் சாஸ் கிடைக்கும் என்று அறிவித்தது.

மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பல கிளைகளுக்கு வந்தது 20 பொட்டலம் அளவுதான், சில கிளைகளுக்கு அதுவும் இல்லை. கூட்டம் கோஷம் போட்டது, ஊழியர்களிடம் கத்தியது. சில இடங்களில் போலீஸ் வர வேண்டியிருந்தது. கடை மேசைமீது ஏறிக் கூச்சலிட்ட ஒருவரின் காணொளி உலகம் முழுக்கப் பரவியது. இந்த ஏற்பாட்டில் எங்களுக்குப் பங்கில்லை, ஊழியர்களிடம் மரியாதையாக இருங்கள், அது அவர்கள் தவறல்ல என்று ராய்லாண்டே சொல்ல வேண்டியதாயிற்று. 2018 பிப்ரவரியில் நிறுவனம் சுமார் 2 கோடி பொட்டலங்களைக் கொண்டுவந்து பிரச்சினையை முடித்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ரசிகர்களின் கோமாளித்தனத்தைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மேசைக்குப் பின்னால் நின்றது யார்? அமெரிக்காவில் துரித உணவுக் கடைகளில் வேலை செய்பவர்களில் பெண்களும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் கணிசமானவர்கள். அந்நாட்டின் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். அதை எதிர்த்து 2012 நவம்பரில் நியூயார்க்கில் துரித உணவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, மணிக்கு 15 டாலர் கேட்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அக்டோபர் 7 அன்று விளம்பரம் செய்து லாபம் பார்த்தது நிறுவனம், கோபத்தைக் கொட்டியது ரசிகர்கள், திட்டு வாங்கியது மணிக்கூலித் தொழிலாளி. எழுத்தாளர் அறையில் பெண்கள்மீது விழுந்த அதே உரிமை கொண்டாடும் மனம்தான் கடை மேசையில் தொழிலாளிமீது விழுந்தது. எனக்கு வேண்டியதைத் தராத உன்னை என்ன வேண்டுமானாலும் பேசுவேன் என்ற மனம் அது.

ஒருவர் இருக்கலாம், நான்கு பேர் கூடாது

இந்த வெறுப்பு இணையம் பெற்ற பிள்ளை என்று சொல்வது எளிது. அறிவியல் புனைவின் வரலாறு வேறு சொல்கிறது.

முதலில் ஒன்று. அறிவியல் புனைவு ரசிகர் பண்பாடு ஆண்கள் கட்டிய கோட்டை என்பதே பொய். 'ஸ்டார் டிரெக்' தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, 1967-68இல் கடிதப் போராட்டம் நடத்தி அதற்கு மூன்றாவது சீசனை வாங்கித் தந்ததில் முன்னின்றவர் பியோ டிரிம்பிள் என்ற பெண். அந்தத் தொடருக்கான முதல் ரசிகர் இதழ்களில் ஒன்றான 'ஸ்பாக்கனேலியா'வை 1967இல் தொடங்கியவர்கள் பெண்கள். கையால் தட்டச்சு செய்து, பிரதி எடுத்து, தபாலில் அனுப்பினார்கள். ஆண்கள் கட்டிய வீட்டில் பெண்கள் புகுந்துவிட்டார்கள் என்று 2017இல் கத்தியவர்களுக்கு வீட்டைக் கட்டியவர்கள் யார் என்றே தெரியாது.

இரண்டாவது, இந்தத் துறையின் வாசலில் காவல் எப்போதும் இருந்திருக்கிறது. கறுப்பின எழுத்தாளர் சாமுவேல் டிலேனி 1998இல் 'இனவாதமும் அறிவியல் புனைவும்' என்று ஒரு கட்டுரை எழுதினார். 1967இல் தன் 'நோவா' நாவலைத் தொடராக வெளியிடக் கேட்டபோது, புகழ்பெற்ற ஆசிரியர் ஜான் கேம்பெல் மறுத்துவிட்டதை அதில் பதிவு செய்கிறார். கறுப்பினக் கதைநாயகனோடு வாசகர்கள் ஒன்ற மாட்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். வெறுப்பவர் நானில்லை, வாசகர்கள்தான் என்று கைகாட்டும் பழைய தந்திரம். அடுத்த ஆண்டு டிலேனி நெபுலா விருது வாங்கிய இரவில், நீ கறுப்பன் என்பதால்தான் ஓட்டுப் போட்டோம் என்று ஐசக் அசிமோவ் வேடிக்கையாகச் சொன்னதையும் எழுதுகிறார். அசிமோவ் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று டிலேனியே பெருந்தன்மையாக எழுதுகிறார். வென்ற இரவிலும் "உன் தகுதியால் இல்லை" என்ற வார்த்தை அவர் காதில் விழுந்தது என்பது மட்டும் மாறவில்லை.

அந்தக் கட்டுரையில் நாம் மனதில் எழுதி வைக்க வேண்டிய ஒரு வாதம் இருக்கிறது. கறுப்பின எழுத்தாளர் ஒருவர் இருவர் இருக்கும்வரை துறை தன்னைத் தாராள மனது கொண்டதாகக் காட்டிக்கொள்ளும். அவர்களுடைய எண்ணிக்கை பதின்மூன்று, பதினைந்து, இருபது விழுக்காட்டை எட்டி, இடத்துக்கும் பணத்துக்கும் உண்மையான போட்டி வரும்போதுதான் இனவாதம் பல்லைக் காட்டும் என்று டிலேனி முன்கூட்டியே சொன்னார்.

சொன்னது நடந்தது. 2015இல் ஹியூகோ விருதுகளின் பரிந்துரைப் பட்டியலை இரண்டு வலதுசாரிக் குழுக்கள் கூட்டாக வாக்களித்து நிரப்பின. தரத்துக்கு அல்லாமல் அரசியலுக்காகவும் அடையாளத்துக்காகவும் விருது கொடுக்கப்படுகிறது என்பது அவர்கள் புகார். வாக்காளர்கள் பதிலடி கொடுத்தார்கள். ஐந்து பிரிவுகளில் யாருக்கும் விருது இல்லை என்று முடிவானது. அடுத்த மூன்று ஆண்டுகள், 2016, 2017, 2018, சிறந்த நாவலுக்கான ஹியூகோவை என்.கே.ஜெமிசின் என்ற கறுப்பினப் பெண் தொடர்ந்து வென்றார். அப்படித் தொடர்ந்து மூன்று முறை வென்றவர் அதற்குமுன் யாருமில்லை. மூன்றாவது முறை மேடையேறியபோது, தாங்கள் வென்றால் தகுதி என்றும் நாங்கள் வென்றால் அடையாள அரசியல் என்றும் சொல்பவர்களுக்கு அவர் முகத்துக்கு நேரே பதில் சொன்னார்.

இப்போது 'ரிக் அண்ட் மார்ட்டி'க்குத் திரும்பிப் பாருங்கள். அறையில் ஒரே ஒரு பெண் இருந்திருந்தால் இவ்வளவு கூச்சல் வந்திருக்குமா? நான்கு பேர் வந்தார்கள், மூன்று வாரம் அவர்கள் பெயர் வந்தது. சகித்துக்கொள்ளும் எல்லை அங்கே முடிந்தது.

நம் பக்கத்துக் கதைகள்

இதே கணக்கு இங்கே எப்படி ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். 1990 ஆகஸ்ட் 7 அன்று பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடஒதுக்கீட்டை வி.பி.சிங் அறிவித்தபோது, வட இந்திய நகரங்களில் ஆதிக்க சாதி மாணவர்கள் தெருவைப் பெருக்கியும் செருப்புக்குப் பாலிஷ் போட்டும் போராடினார்கள். இடஒதுக்கீடு வந்தால் எங்களுக்கு இந்த வேலைதான் மிஞ்சும் என்பது அதன் பொருள். அறிவிப்பு பிற்படுத்தப்பட்டோருக்கானது. கேலிக்கு எடுத்துக்கொண்டதோ தலித்துகள்மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட வேலைகளை. அந்த வேலையைச் செய்ய ஒரு பிரிவு பிறந்திருக்கிறது, நாங்கள் செய்தால் அநியாயம் என்று அவர்கள் தங்களை அறியாமலே வாக்குமூலம் கொடுத்தார்கள்.

பார்வையாளர் எதிர்வினை என்று பேசும்போது பி.கே.ரோசியை மறக்க முடியாது. மலையாளத்தின் முதல் கதைப்படமான 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தில் ஜே.சி.டேனியல் ரோசியைக் கதாநாயகியாக்கினார். புலையர் சமூகத்தில் பிறந்த பெண் திரையில் நாயர் பெண்ணாக வருவதைத் திருவனந்தபுரத்து ஆதிக்க சாதியினரால் பொறுக்க முடியவில்லை. கொட்டகையில் கலவரம் செய்தார்கள், அவர் வீட்டைத் தாக்கினார்கள். ரோசி ஊரைவிட்டு ஓடி, நாகர்கோவில் பக்கம் பெயரை மறைத்து வாழ்ந்து மறைந்தார். அதன்பின் அவர் திரையில் வரவே இல்லை. இணையம் இல்லை, மீம் இல்லை. ஆனாலும் அவருடைய முகவரி அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது. இன்று சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துவது அந்த அழிப்புக்கு எதிரான பதில்.

ரோசிக்கு நடந்ததும் அமெரிக்க எழுத்தாளர்களுக்கு நடந்ததும் சமம் என்று நான் சொல்லவில்லை. ரோசி உயிருக்குத் தப்பி ஓடினார், அவருக்கு ஒரு பேட்டியில்கூட யாரும் துணை நிற்கவில்லை. சாதியின் கொடூரம் வேறு அளவு. ஆனால் இரண்டிலும் ஒரே கட்டளை இருக்கிறது. நீ இங்கே தெரியக் கூடாது என்ற கட்டளை.

அறைக்கு உள்ளேயும்

கதையை வெளியே இருக்கும் முரட்டு ரசிகர்களோடு முடித்தால் அது பாதி உண்மைதான். பெண் எழுத்தாளர்களுக்காகப் பேசிய அதே டான் ஹார்மன், 2018 ஜனவரியில் தன் ஒலி நிகழ்ச்சியில் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். முன்பு 'கம்யூனிட்டி' தொடரில் தன் கீழ் வேலை செய்த எழுத்தாளர் மேகன் கான்ஸிடம் தான் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தி நடந்துகொண்டதையும், அவர் மறுத்தபின் அவரைப் பழிவாங்கும் விதமாக நடத்தியதையும் விளக்கமாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கான்ஸ் அந்த மன்னிப்பை ஏற்றார். தன் திறமையைத் தானே மறுபடி நம்புவதற்குப் பல ஆண்டுகள் ஆனது என்பதையும் சொன்னார்.

அதிலிருக்கும் காயத்தை யோசியுங்கள். முதலாளி பாராட்டும்போது அது எழுத்துக்கான பாராட்டா, வேறு எதற்குமான விலையா என்று தெரியாமல் போவது. வெளியே கூட்டம் "உனக்குத் தகுதி இல்லை" என்கிறது. உள்ளே அதிகாரம் தகுதியை அறிய முடியாதபடி குழப்பிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒருவர் தன்னையே சந்தேகிக்கத் தொடங்குகிறார். சமூகப் பணியில் நான் சந்திக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பலர் இந்தச் சந்தேகத்தைத்தான் சுமந்து நடக்கிறார்கள். அது அவர்களுக்குள் பிறந்தது அல்ல, அவர்கள்மேல் ஏற்றப்பட்டது.

'பிக்கிள் ரிக்'கிலேயே இன்னொரு முடிச்சும் இருக்கிறது. டாக்டர் வாங் என்று சீனக் குடும்பப்பெயர் கொண்ட பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் வெள்ளையின நடிகை சூசன் சரண்டன். அடுத்த ஆண்டு காவும் ஹார்மனும் சேர்ந்து, ஹாலிவுட்டில் இனத்தைப் பற்றி எழுதுவது குறித்தே ஒரு ஒலித் தொடர் நடத்தினார்கள். நாற்காலி கிடைப்பதோடு வேலை முடிவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபின் யார் குரல் ஒலிக்கிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

காவ் ஓடிவிடவில்லை. 2022இல் 'ஷீ-ஹல்க்' தொடரின் தலைமை எழுத்தாளரானார். இணையத்தில் பெண்களை வசைபாடும் ஆண் கூட்டத்தையே அந்தத் தொடரின் வில்லன்களாக வைத்தார். தொடர் வெளியானதும் வந்த வசவுகளில் பல, அவர்கள் முன்பே எழுதி வைத்திருந்த வசனங்களைப் போலவே இருந்தன. வெறுப்புக்குக் கற்பனை வளம் கிடையாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இளம் தோழர்களுக்கு மூன்று விஷயங்கள்.

ஒன்று, எதிர்ப்பு வருவதைத் தோல்வியின் அடையாளமாகப் படிக்காதீர்கள். டிலேனி சொன்ன கணக்கு நினைவிருக்கட்டும். வகுப்பில் நீங்கள் ஒருவராக இருந்தபோது பாராட்டியவர்கள், நால்வராக ஆனதும் முகம் சுளித்தால் உங்கள் எண்ணிக்கை வேலை செய்கிறது என்று பொருள்.

இரண்டு, தகுதியை நிரூபிக்கச் சொல்லும் வலையில் முழுதாக விழாதீர்கள். எம்மி விருது வந்தபிறகும் அந்த வசவுக் கூட்டம் மன்னிப்புக் கேட்டு வரிசையில் நிற்கவில்லை. டிலேனிக்கு விருது மேடையிலேயே அது மறுக்கப்பட்டது. நன்றாகப் படியுங்கள், நன்றாக எழுதுங்கள், அது உங்களுக்காக. உங்கள் இருப்பு உங்கள் உரிமை, மதிப்பெண்ணுக்குக் கிடைத்த பரிசு அல்ல.

மூன்று, தாக்கப்படுபவரைத் தனியாக விடாதீர்கள். வசவுகளைத் தேதியோடு பதிவு செய்து வையுங்கள். நிர்வாகத்தை எழுத்தில் பதில் சொல்ல வையுங்கள். பெண் தோழர்மீதோ, உட்சாதிப் பெயர் சொல்லி இன்னொரு தலித் தோழர்மீதோ நம் கூட்டத்திலிருந்தே வசவு கிளம்பினால் அதே வேகத்தில் கண்டியுங்கள். சாஸ் பொட்டலம் இல்லை என்று ஊழியரிடம் கத்தும் மனம் நம்மில் யாருக்கும் வரலாம்.

2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத்தில் நாம் இழந்த ரோகித் வெமுலா, கார்ல் சேகனைப்போல அறிவியலைப் பற்றி எழுதுபவனாக வேண்டும் என்று ஆசைப்பட்டவன். விண்மீன்களையும் இயற்கையையும் நேசித்தவன். பிரபஞ்சத்தைப் பற்றிக் கனவு காணும் உரிமையை ஒரு பிரிவு தன் பெயருக்குப் பட்டா போட்டு வைத்திருக்கிறது. அந்தப் பட்டா செல்லாது என்று சொல்லும் வேலை நம்முடையது. டாக்டர் வாங் சொன்னதுபோல அதில் சாகசம் கொஞ்சம்தான். படிப்பதும் எழுதுவதும் ஒருவருக்கொருவர் துணை நிற்பதும் தினம் செய்ய வேண்டிய வேலை.

ஜெய்பீம்.